ரவுட்டருக்கு ஒரு நல்ல நம்பர்

சேர்க்க வரவில்லை சிஸ்டர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பகம் எப்படி இருக்கிறது என்று சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். பையில் பால் பாட்டில், மாற்றுத்துணி, கொசுவலை எல்லாம் இருக்கிறதே என்று பார்க்காதீங்க. தெருமுனைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்குவதென்றாலும் இவ்வளவும் கூடவே வரும். லேப்டாப்பும் அப்படித்தான்.

இவள் ஹாசினி. எட்டு மாதம். யாரிடமும் போக மாட்டாள். அதனால் நீங்க கையை நீட்டாதீங்க, கத்திக் கூப்பாடு போட்டுவிடுவாள், அப்புறம் உங்களுக்குத்தான்...

ஓ. சரி. அந்தச் சிலுவை பளபள என்று இருக்கிறது இல்லையா, அதற்காகத்தான் வந்திருக்கிறாள். வாயில் வைப்பாள் சிஸ்டர். வெள்ளியா, ஸ்டீலா? இல்லை, சும்மா கேட்டேன்.

நானும் கான்வென்ட்தான். எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரை, அதில் நாலு வருஷம் ஹாஸ்டல். நீங்க உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருக்கிறேனே, அது மரியாதைக் குறைவு இல்லை. வெள்ளை அங்கியைப் பார்த்தால் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. உட்காருகிறேன். இதோ.

நான் இங்கே வந்து நிற்பதற்கு ஒரு ரவுட்டர்தான் காரணம். எல்லா வீட்டிலும் இருக்கிற வைஃபை டப்பாதான். அதனால் நான் பட்ட பாடு இருக்கிறதே, நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்க, தப்பு யார் மேல் என்று.

எனக்கு மெடிக்கல் கோடிங்கில் வேலை. அமெரிக்காவில் யாருக்காவது கால் உடைந்தால், அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்து அதற்குரிய நம்பரை நான் போட வேண்டும். ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பர். கட்டிலிலிருந்து விழுந்தால் ஒரு நம்பர், நாற்காலியிலிருந்து விழுந்தால் வேறு. மூக்கில் எதையாவது செருகிக்கொண்டால் ஒன்று, காதில் என்றால் இன்னொன்று. வாத்து கடித்தால்கூட நம்பர் இருக்கிறது சிஸ்டர், நான் பொய் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இவள் பிறந்த பிறகு, வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்பராகத் தெரிகிறது. அந்த ஸ்டூல், அந்தப் பிளக் பாயின்ட், அந்தப் பட்டாணி டப்பா. எங்க வீட்டுக்காரர் சொல்வார், "மித்து, உனக்கு மட்டும் ஏன் எல்லாத்துலயும் ஆபத்து தெரியுது?" என்று. அவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. படிக்காதவருக்குப் பயம் இல்லை. அதாவது, டிப்ளமோ படித்திருக்கிறார். நான் சொல்வது எங்கள் நம்பர் புத்தகத்தை.

பிரசவ லீவு முடிந்ததும் எங்க மேனேஜர் சுபத்ரா மேடம், "சங்கமித்ரா, வீட்லேருந்தே வேலை பாரு. ஆனா நெட் லைன் பக்காவா இருக்கணும். மாசக் கடைசிக்குள்ள செட் ஆகலைன்னா ஆபீஸுக்கு வந்துடணும்" என்றார். ஆபீஸ் கண்டோன்மென்டில். எங்கள் வீடு கருமண்டபம். ரொம்ப தூரமில்லை. ஆனால் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அத்தை மணப்பாறையில் இருக்கிறார், அங்கே மாடு இருக்கிறது, கூப்பிட்டால் மாட்டையும் கூப்பிட வேண்டும். என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆக, லைன் வந்தால் குழந்தை என்னோடு. வராவிட்டால் குழந்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவ்வளவுதான் விஷயம்.

லைன் வந்தது. ஆனால் ஃபைல் திறக்கவில்லை. ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டேன் என்று திரையில் பச்சையாகக் காட்டுகிறது, நோயாளிகளின் ஃபைலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கிற ரீகனுக்குப் போன் பண்ணினேன். பேர் ரீகன், ஊர் லால்குடி. நல்ல பையன்.

"மேடம், உங்க வீட்டு ரவுட்டர் நம்பரும் நம்ம ஆபீஸ் நம்பரும் ஒண்ணு. 192.168.1. அதான் பிரச்சினை."

"நான் சீல் பிரிக்காத டப்பாவாத்தான் பார்த்து வாங்கினேன் ரீகன்."

"அது செய்யற எடத்துலயே போட்டு அனுப்பறது மேடம். நெறைய ரவுட்டருக்கு அதுதான் நம்பர். நம்ம ஆபீஸ்லயும் ஆரம்பத்துல யாரோ மாத்தாம அப்படியே விட்டுட்டாங்க. இப்ப நீங்க ஃபைலைக் கேட்டா, உங்க லேப்டாப் 'ஓ, இது நம்ம வீட்டு நம்பராச்சே'ன்னு வீட்டுக்குள்ளேயே தேடுது. வெளிய வரவே மாட்டேங்குது."

எனக்கு அந்த லேப்டாப் மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது சிஸ்டர். பாவம், அதற்கு என்ன தெரியும்?

"அப்போ ஆபீஸ் நம்பரை மாத்திடுங்களேன்" என்றேன்.

"இங்க இருநூறு மெஷின் இருக்கு மேடம். உங்க வீட்ல எத்தனை?"

"லேப்டாப், ரெண்டு போன், டிவி, ஹாசினி."

"ஹாசினியா?"

"ஹாசினியோட கேமரா."

தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். அதில் என்ன சிரிப்பு? எங்கள் வீடு ஒரு பெட்ரூம் வீடுதான், சமையல்கட்டிலிருந்து திரும்பினால் தொட்டில் தெரியும். ஆனால் திரும்ப வேண்டுமே. தாளிக்கும்போது திரும்ப முடியுமா? போனைக் கடுகு டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டால் பார்த்துக்கொண்டே தாளிக்கலாம்.

"சரி, என்ன நம்பர் வைக்கணும்?"

"எது வேணாலும் வைங்க மேடம். மூணாவது எடத்துல இருக்கற ஒண்ணை எடுத்துட்டு, ரெண்டுலேருந்து எரநூத்தம்பத்தி நாலு வரைக்கும் உங்க இஷ்டம்."

இஷ்டம்! தப்பான நம்பர் போட்டால் சம்பளத்தில் பிடிக்கிற வேலையில் இருப்பவளிடம் வந்து, எது வேண்டுமானாலும் போடு என்றால்?

எனக்கு இந்த ராசி நம்பர் நம்பிக்கை எல்லாம் கிடையாது. மூடநம்பிக்கை தவறு என்று மாரல் சயின்ஸ் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதியவள் நான். ஆனால் எட்டு வேண்டாம். அது சனி என்று அத்தை சொல்வார். எனக்கு நம்பிக்கை இல்லை, அத்தைக்கு இருக்கிறதே. ஏழு என்றதும் ஏழரை ஞாபகம் வருகிறது. பதின்மூன்று வைக்க முடியுமா? எங்கள் ஹாஸ்டலில் பன்னிரண்டாம் கட்டிலுக்கு அடுத்த கட்டில் பன்னிரண்டு-ஏ. வார்டன் சிஸ்டர் அதற்குக் காரணம் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினாறு நல்ல நம்பர்தான், ஆனால் காரியம் செய்வதும் பதினாறாம் நாள். நூறு வைத்தால் போலீஸ். நூற்றொன்று தீயணைப்பு. நூற்றெட்டு எவ்வளவு தெய்விகமாக இருக்கிறது என்று வைக்கப் போனேன், விரல் கீபோர்டில் இருக்கும்போதுதான் உறைத்தது, ஆம்புலன்ஸ். குழந்தை இருக்கிற வீட்டில் ஆம்புலன்ஸ் நம்பரை வைத்து நானே வரவழைப்பதா? நூற்று நாற்பத்து நான்கு என்றால் ஊரடங்கு.

ரீகனுக்கே போன் பண்ணி, "நீயே ஒண்ணு சொல்லேன்" என்றேன்.

"அம்பது வைங்க மேடம்."

அத்தை அன்றைக்கு வீடியோ காலில் இருந்தார். பேத்தியைப் பார்க்கத்தான் கூப்பிடுவார், ஆனால் காதை எல்லாப் பக்கமும் வைத்திருப்பார். "என்னது, அம்பதா? சைபர்ல முடியற மாதிரியா ஒரு நல்ல காரியத்துக்கு வைப்பாங்க? நம்ம வீட்டுல மொய்யே அம்பத்தொண்ணாத்தான் எழுதுவோம். ஒண்ணு சேர்த்து வையி. வளரும்."

"என்ன அத்தை வளரும்?"

"எதுவோ அது. வளந்தா வேணாம்னா சொல்லப்போற?"

சொல்ல மாட்டேன். ஐம்பத்தொன்று என்று முடிவு செய்தேன்.

மாற்றுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து, அதன் பக்கத்துக்குள் போய், ஒன்றை அழித்து ஐம்பத்தொன்று போட்டேன். சேவ் பட்டனை அமுக்கும் முன்னால் வேளாங்கண்ணி மாதாவுக்கும் சமயபுரத்தாளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அமுக்கினேன். பக்கம் போய்விட்டது. வெள்ளைத் திரை. மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறேன், வரவே இல்லை. வைஃபை செத்தது, கேமரா கறுப்பாகிவிட்டது. ரவுட்டரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். உடனே புடவை ஊக்கைக் கழற்றி, பின்பக்கம் ரீசெட் என்று ஒரு சின்னக் குழி இருக்குமே, அதில் குத்திப் பிடித்தேன். உயிர் வந்தது. வந்து பார்த்தால் மறுபடியும் ஒன்று.

திரும்ப ஐம்பத்தொன்று போட்டேன். திரும்பச் செத்தது. திரும்ப ஊக்கு. அன்றைக்கு முழுக்க இதே வேலை. அந்த ஊக்கை வேறு ஹாசினி கைக்கு எட்டாமல் வாயில் கவ்விக்கொண்டேன். பிறகுதான் நானே முழுங்கினால் என்ன நம்பர் என்று யோசித்து, எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

எங்க வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் நெட்டில்தான் ஓடுகிறது. "ஏன் மித்து, நம்பர் மாத்தறதுக்கு உனக்கு செமி ஃபைனல்தான் கெடச்சுதா?"

"குழந்தை எங்கூட இருக்கணுமா வேணாமா?"

"இருக்கட்டும். மேட்சும் இருக்கட்டுமே."

மறுநாள் ரீகனிடம் அழாத குறையாகச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அன்றிலிருந்துதான் மேடம் போய் அக்கா ஆனது.

"அக்கா, அது சாகலக்கா. சேவ் ஆயிடுச்சு. அம்பத்தொண்ணுக்குக் குடி போயிடுச்சு. நீங்க பழைய வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட்டா எப்படி வரும்? அம்பத்தொண்ணுல போய்க் கூப்பிடுங்க."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"இதுக்குப் போய் ரீசெட் பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கலக்கா."

பார்த்தீங்களா, தப்பு யார் மேல்?

ஐயோ, எங்கே தூக்கிக்கொண்டு போகிறார் அந்த அம்மா? பேரென்ன? ஆரோக்கியமா? நல்ல பேர். கை கழுவினாரா என்று... கழுவினாரா, சரி சரி. ஹாசினி! அம்மா இங்கே இருக்கேன்டா! திரும்பவே இல்லை. புது இடம் இல்லையா, திகைத்துப் போயிருக்கிறாள்.

எங்கே விட்டேன்? ஐம்பத்தொன்று. அது நின்றது. கேமராவைத் திரும்ப இணைத்தேன், டிவியை இணைத்தேன், அவருடைய மேட்சும் வந்தது. ஆபீஸுக்குள் போய் ஃபைலைத் தொட்டால், சும்மா மழை மாதிரி கொட்டுகிறது. அத்தைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றார். அரை நாள் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் சுபத்ரா மேடத்திடமிருந்து செய்தி: எங்கள் டீம் ஃபைல் எல்லாம் சேலத்தில் புதிதாகத் திறந்த பிராஞ்சுக்கு மாறியாகிவிட்டது, நாளையிலிருந்து அங்கே திறக்கவும்.

திறந்தேன். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

ரீகனுக்குப் போன் பண்ணினேன், என் நம்பரை மறுபடி சொல்லச் சொன்னான். அப்புறம், "அக்கா, அந்த அம்பத்தொண்ணு, உங்களுக்கு யாரு சொன்னா?" என்றான்.

"அத்தை. ஏன்?"

"எங்களுக்கு எம்.டி."

என்ன நடந்தது தெரியுமா? சேலம் பிராஞ்சுக்கு ரீகன்தான் நம்பர் போட்டிருக்கிறான். ஐம்பது. திறப்பு விழா அன்று ஐயர், மாவிலை, பூசணிக்காய் எல்லாம் வந்திருக்கிறது. எம்.டி. வந்து, "என்னப்பா நம்பர்?" என்று கேட்டிருக்கிறார். "அம்பது சார்." அவர் முகம் சுருங்கிவிட்டது. "பூஜை போட்டுத் தொறக்கற எடத்துக்கு யாராச்சும் சைபர்ல முடிப்பாங்களாப்பா? ஒண்ணு சேர்த்துப் போடு." ரீகன் அங்கேயே உட்கார்ந்து எல்லா மெஷினையும் மாற்றியிருக்கிறான், சந்தனம் காய்வதற்குள்.

இருநூற்றைம்பது நம்பர் இருக்கிறது சிஸ்டர். மணப்பாறையில் மாடு கறக்கிற எங்கள் அத்தையும், கார் வைத்திருக்கிற அந்த எம்.டி.யும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இரண்டு பேரும் அதே ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

"இப்ப சேலத்தை மாத்த முடியாது அக்கா, எம்.டி. என்னை மாத்திடுவாரு. உங்களைத்தான் மாத்தணும்."

அதற்குப் பிறகு நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்கிறீர்கள்! அவசரப்பட்டுப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று, தினமும் நிதானமாக யோசித்தேன். ரீகன் ஒரு நம்பர் சொல்வான், நான் யோசித்துவிட்டு மறுநாள் அதில் ஒரு குறை கண்டுபிடித்துச் சொல்வேன். அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? காலையில் ஹாசினியைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, மடியில் போட்டுக்கொண்டு ரீகன் போனுக்குக் காத்திருப்பேன். அவன் கூப்பிடுவதற்குள் மதியம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கொஞ்சம் கண்ணயர்வோம். சாயங்காலம் பார்க்கில் அணிலைக் காட்டுவேன். லைன் இல்லாமல் வேலை எப்படிப் பார்ப்பது? சுபத்ரா மேடத்திடம், "இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்" என்பேன். அவ்வளவு மன உளைச்சல். ஆனால் அந்த நாட்களில் ஹாசினி நன்றாக எடை போட்டாள், அது வேறு.

மாசக் கடைசி நெருங்கியதும் ரீகன் பொறுமை இழந்துவிட்டான். "அக்கா, லேப்டாப்பை என்கிட்ட விடுங்க. நான் இங்கேருந்தே மாத்தறேன். நீங்க திரையைப் பார்க்கவே வேணாம். அந்தப் பக்கம் திரும்பிக் குழந்தையைப் பாருங்க."

திரும்பிக்கொண்டேன். போனில் டக் டக் என்று அவன் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம்தான். சேலம் திறந்துவிட்டது. கண்டோன்மென்டும் திறந்தது. எல்லாமே திறந்தது.

"என்ன நம்பர் ரீகன்?"

"அதை மட்டும் கேக்காதீங்கக்கா."

கேட்கவில்லை. போனில் போய்ப் பார்த்துவிட்டேன். எண்பத்தெட்டு. ஒரு எட்டு இல்லை சிஸ்டர், இரண்டு எட்டு! பதறிப்போய் மாற்றப் போனால், பாஸ்வேர்டையும் மாற்றி வைத்திருக்கிறான். ஊக்கும் கூடாது, குத்தினால் பழைய ஒன்றுக்கே போய்விடும். வேறு வழியில்லாமல் ரவுட்டர் நெற்றியில் விபூதி பூசி, பக்கத்தில் மாதா படம் வைத்திருக்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. ஐம்பத்தொன்றுதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உண்மையான சோதனையே. லைன் வந்ததும் வேலை வந்துவிட்டது. காலை பத்து மணியிலிருந்து வரிசை வரிசையாக ஃபைல்கள். மீட்டிங் வேறு. ஹாசினி இப்போது தவழ்கிறாள். தவழ்ந்து வந்து என் கொலுசைப் பிடித்து இழுப்பாள், தூக்கினால் கீபோர்டை அடிப்பாள். ஒருநாள் அவள் அடித்ததில் அறுபது வயது அமெரிக்கர் ஒருவருக்குப் பிரசவ நம்பர் போய்விட்டது. இறக்கிவிட்டால் அலறுவாள். கேமராவில் பார்த்தபடி அடுத்த அறையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் கேமராவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். நான் இந்தப் பக்கம் அழுதேன். இரண்டு ஃபைல் முடித்தேன்.

சுபத்ரா மேடம் நேற்று கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயம். "சங்கமித்ரா, லைன் இருக்கு, நீ இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஏற்பாடு பண்ணு. இன்னிக்கு வெள்ளி. திங்கள்கிழமை உன் ஃபைல் கணக்கு சரியா வரணும். இல்லேன்னா உன் சீட்டுக்கு வேற ஆளைப் போடச் சொல்லி மேலேருந்து கேக்கறாங்க." எங்கள் வீட்டுக்காரர் சம்பளம் மட்டும் போதும் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அந்த வேலை வேண்டும் சிஸ்டர். நான் நன்றாகச் செய்கிற காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். இவளை வளர்ப்பதில் நான் தேர்ச்சியா இல்லையா என்று யாருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள். அங்கே தினமும் மார்க் வருகிறது.

அதனால் நான் ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன். சேர்க்க வரவில்லை என்றேன் இல்லையா, அது முழுக்க உண்மையில்லை. சேர்க்கிறேன். ஆனால் நானும் கூடவே இருக்கிறேன். அதோ அந்த மாமரத்தடி பெஞ்ச் போதும். தண்ணீர்கூட வேண்டாம், கொண்டு வந்திருக்கிறேன். ஜன்னலில் அவள் தலை தெரிந்தால் போதும், நான் என் பாட்டுக்கு நம்பர் போடுவேன். உங்கள் ஆபீஸ் அறை மூலையில் ஒரு டப்பாவில் பச்சை லைட் எரிகிறதே, உள்ளே வரும்போதே பார்த்து வைத்துவிட்டேன். அதில் என்ன நம்பர் சிஸ்டர்? ஒன்று என்றாலும் கவலைப்படாதீங்க, பத்து நிமிஷத்தில் நானே மாற்றித் தருகிறேன், எனக்கு இப்போது நல்ல பழக்கம். உங்களுக்குப் பிடித்த நம்பர் சொல்லுங்க. பன்னிரண்டு-ஏ மட்டும் அதில் போட முடியாது.

என்ன சிஸ்டர்?

தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷினா?

வைஃபையே இல்லையா? இங்கே எங்குமே இல்லையா? அப்போது நீங்கள் எல்லாம் எப்படி... ஆமாம். குழந்தைகளைத்தானே பார்க்கிறீர்கள்.

என் போனில் இங்கே ஒரு கோடுதான் காட்டுகிறது. அதில் மீட்டிங் ஓடாது. மணி என்ன ஆகிறது? சனிக்கிழமையும் எங்களுக்கு வேலை உண்டு, பத்துக்கு மீட்டிங். சேலத்துக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

ஹாசினி எங்கே? சத்தமே காணோம். ஓ, அதோ. அந்த அம்மா இடுப்பில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். கம்பி துருப்பிடித்தது இல்லையே? சிரிக்கிறாளா? இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. அது சிரிப்பு இல்லை, வாயுவாக இருக்கும்.

நான் போய்ச் சொல்லிவிட்டுப் போகவா, சொல்லாமல் போகவா? சொன்னால் அழுவாள். சொல்லாமல் போனால் நான் அழுவேன். சரி, நீங்க சொல்வதால் சொல்லாமலே போகிறேன்.

பையில் நீல மூடி பாட்டில் பதினோரு மணிக்கு. கஞ்சி டப்பா பன்னிரண்டுக்கு. தூங்கும்போது காதைத் தடவ வேண்டும், அவளுடைய காதை இல்லை, அவள் உங்கள் காதைத் தடவுவாள், கொடுக்க வேண்டும். ஆரோக்கியம் அம்மாவிடம் கம்மலைக் கழற்றி வைக்கச் சொல்லுங்க. ஒரு மணிக்கு வந்துவிடுவேன். பன்னிரண்டரைக்கே வந்து வெளியே நிற்பேன், அதற்காகக் கேட்டைத் திறக்க வேண்டாம்.

என் நம்பரை எழுதிக்கொண்டீர்களா சிஸ்டர்? அழுதால் ஒரு போன் பண்ணுங்க. அழவே இல்லை என்றால், உடனே பண்ணுங்க.